கழிப்பறை கட்டியாச்சு... சோப்பு எங்கே? கென்யக் கிராமப் பள்ளிகள் சொல்லும் பாடம்!

ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் புதிதாகக் கழிப்பறை கட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும்? பிள்ளைகள் ஆரோக்கியமாக இருப்பார்கள், இதில் என்ன சந்தேகம் என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேற்கு கென்யாவில் அப்படி நம்பித்தான் கட்டினார்கள். ஆனால், அங்கே நடந்த ஓர் ஆய்வின் முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்துவிட்டது.

2007, 2008-ம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கைகளைச் சுத்தமான நீரில் அலசி, அந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தேடியது 'ஈ.கோலை' என்ற பாக்டீரியாவை. அது கையில் இருந்தால், கையில் மலம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். புதுக் கழிப்பறை கட்டித்தந்த பள்ளிகளில், மாணவிகளின் கைகளில் அந்தக் கிருமி இருக்கும் வாய்ப்பு குறையவில்லை. மாறாக, இரண்டரை மடங்குக்கும் மேல் அதிகரித்திருந்தது!

கழிப்பறை வந்த பிறகு கை எப்படி அழுக்காகும்? ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்குத் தண்ணீரும் சுகாதாரமும் கொண்டுபோக நினைக்கும் எல்லோரும் இந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பக்கத்திலேயே ஏரி... குடிக்கத்தான் முடியாது

ஆய்வு நடந்த இடம் கென்யாவின் நியான்சா பகுதி. அப்போது அது ஒரு மாகாணம். 2013-ல் கென்யாவில் மாகாணங்கள் போய் கவுன்ட்டிகள் வந்தபோது கிசுமு, சியாயா, ஹோமா பே, மிகோரி, கிசி, நியாமிரா என்று ஆறாகப் பிரிந்துவிட்டது. இங்கே பெரும்பாலும் லுவோ இன மக்கள் வாழ்கிறார்கள். மீன்பிடியும் சிறு விவசாயமும்தான் பிழைப்பு.

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரியான விக்டோரியா இவர்களின் வாசலில்தான் இருக்கிறது. ஆனால், ஏரித்தண்ணீரை அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கும் காலராவும் வரலாம். கரையோரத் தண்ணீரில் இறங்கினாலே தோல் வழியாக உடலுக்குள் புகும் 'பில்ஹார்சியா' என்ற ஒட்டுண்ணி நோயும் இந்தப் பகுதியில் இருக்கிறது. கண்ணெதிரே கடல்போலத் தண்ணீர் கிடந்தும், பாதுகாப்பான ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பள்ளிகள் திண்டாடின.

இதற்கிடையே 2003-ல் கென்ய அரசு ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தது. அந்த ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், பிள்ளைகள் பெருகிய வேகத்தில் கழிப்பறைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பெருகவில்லை.

இது கென்யாவின் பிரச்னை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட 2023-ம் ஆண்டுக்கான கணக்கின்படி, உலகம் முழுக்க 44.7 கோடி பிள்ளைகளின் பள்ளியில் அடிப்படைக் குடிநீர் வசதி இல்லை. 42.7 கோடிப் பேரின் பள்ளியில் அடிப்படைக் கழிப்பறை வசதி இல்லை. கைகழுவத் தண்ணீரும் சோப்பும் இல்லாத பள்ளியில் படிப்பவர்களோ 64.6 கோடிப் பேர். மூன்றிலும் மோசமான நிலையில் இருப்பது கைகழுவும் வசதிதான் என்பதைக் கவனியுங்கள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நிலைமை இன்னும் மோசம்.

புத்தகப்பை ஒரு கையில், தண்ணீர் கேன் மறு கையில்!

பைப் வசதி இல்லாத ஊரில் பள்ளிக்குத் தண்ணீர் எப்படி வரும்? பல இடங்களில் பிள்ளைகளே கொண்டு வருகிறார்கள். சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் நிற கேன்கள்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் தண்ணீர்க் குடங்கள். பெரிய கேன் 20 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் 20 கிலோ எடை. சின்னப் பிள்ளைகள் சின்ன கேன்களில் சுமந்து வருவார்கள். வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, தண்ணீர் எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பள்ளிகளில், ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 பேர் படிக்கும் பள்ளி என்றால் 1,500 லிட்டர். அதாவது, தினமும் 75 பெரிய கேன்கள்!

மழைநீரைச் சேமிக்கலாமே என்று தோன்றும். பள்ளிக்கூடத் தகரக்கூரை அதற்கு நல்ல வசதிதான். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும். சிதறல், கசிவு போக மீதி தொட்டிக்கு வரும். மேற்கு கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெரிய மழைக்காலமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை சின்ன மழைக்காலமும் உண்டு. ஆனால், இடைப்பட்ட மாதங்களில்? 10,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தாலும், மேலே சொன்ன 300 பேர் பள்ளிக்கு ஏழு நாள்கள்கூடத் தாங்காது. அதனால், குடிக்கவும் கைகழுவவும் மட்டும் என்று அளந்து அளந்துதான் செலவழிக்க வேண்டும்.

185 பள்ளிகளில் நடந்த சோதனை

இந்தச் சூழலில்தான் நியான்சாவில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. அதன் பெயர் 'ஸ்வாஷ் பிளஸ்'. 'கேர்' தொண்டு நிறுவனம், அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம், கிசுமுவின் கிரேட் லேக்ஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை கைகோத்தன.

சும்மா உதவி செய்துவிட்டுப் போகாமல், எது உண்மையில் பலன் தருகிறது என்று அளந்து பார்த்ததுதான் இந்தத் திட்டத்தின் சிறப்பு. 185 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில பள்ளிகளுக்குக் கைகழுவும் பயிற்சியும், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் கரைசலும், குழாய் வைத்த பாத்திரங்களும் கிடைத்தன. சிலவற்றுக்கு இவற்றோடு புதுக் கழிப்பறைகளும் கிடைத்தன. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள சில பள்ளிகளுக்கு ஆழ்துளைக் கிணறு அல்லது மழைநீர்த் தொட்டியும் சேர்த்துத் தரப்பட்டது. மற்ற பள்ளிகளை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டு, ஆய்வு முடிந்த பிறகு உதவுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

முடிவுகள் கலவையாக வந்தன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறையவில்லை. 2007 கடைசியில் நடந்த தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் வெடித்த கலவரமும் ஆய்வைப் பாதித்தது. கலவரம் பாதிக்காத இரண்டு பகுதிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் ஒரு நல்ல செய்தி தெரிந்தது. கைகழுவும் பயிற்சியும் சுத்திகரித்த குடிநீரும் கிடைத்த பள்ளிகளில், பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போகும் வாய்ப்பு 58 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆண் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் இல்லை. கழிப்பறையும் சேர்த்துக் கிடைத்த பள்ளிகளில் கிட்டத்தட்ட இதே அளவு பலன்தான். கழிப்பறையால் கூடுதலாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்த பள்ளிகளில், தண்ணீர், கழிப்பறை, கைகழுவும் பழக்கம் மூன்றும் ஒன்றாக வந்தபோது வயிற்றுப்போக்கு நன்றாகவே குறைந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளுக்கும் வயிற்றுப்போக்கு குறைந்தது என்பது இன்னும் பெரிய ஆச்சர்யம். பள்ளியில் கற்றுக்கொண்ட பழக்கம் பிள்ளையோடு சேர்ந்து வீட்டுக்கும் போயிருக்கிறது!

அப்படியென்றால் கை ஏன் அழுக்கானது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கழிப்பறை இல்லாதபோது பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவுள்ள புதுக் கழிப்பறை வந்ததும் நிம்மதியாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அது நல்லதுதான். ஆனால், உள்ளே போன பிறகு சுத்தம் செய்துகொள்ள என்ன இருந்தது?

நம்மைப்போல தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் அங்கே பொதுவாகக் கிடையாது, துடைப்பதுதான் வழக்கம். பள்ளிக் கழிப்பறையில் டிஷ்யூ பேப்பருக்கு எங்கே போவது? நோட்டிலிருந்து கிழித்த காகிதம், இலை என்று கையில் கிடைத்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள். வெளியே வந்தால் கைகழுவும் பாத்திரம் சில நாள்களில் காலியாக இருக்கும். தண்ணீர் இருந்தால் சோப்பு இருக்காது. கழிப்பறையின் தரையையும் கதவையும் தினமும் கழுவிவிட ஆளும் இருக்காது.

ஆக, கழிப்பறைக்குப் போகும் தடவை கூடியது. ஆனால், கை கழுவும் தடவை அதற்கு ஈடாகக் கூடவில்லை. கட்டடம் வந்த வேகத்தில் துடைக்கக் காகிதமும், சோப்பும், துப்புரவும் வரவில்லை என்றால் இதுதான் நடக்கும் என்பது ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பாடம். சின்ன ஆய்வுதான் இது. ஆனாலும், 'கட்டினால் போதும்' என்ற நம்பிக்கையை இது அசைத்துப் பார்த்துவிட்டது.

சோப்பு ஏன் காணாமல் போகிறது?

'ஒரு சோப்புக்கட்டி வாங்கி வைப்பதில் என்ன கஷ்டம்' என்று தோன்றலாம். ஏழைக் கிராமத்தில் சோப்புக்கட்டி என்பது விலையுள்ள பொருள். திறந்த இடத்தில் வைத்தால் ஒரே நாளில் காணாமல் போய்விடும். அதற்குப் பயந்தே பல பள்ளிகளில் சோப்பை ஹெட்மாஸ்டர் அறையில் பூட்டி வைத்துவிடுவார்கள். கழிப்பறையிலிருந்து வரும் பிள்ளை, ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் சோப்பு கேட்குமா?

இதற்கு அங்கே கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுவிடுவது. அழுத்தினால் சோப்புத்தண்ணீர் பீய்ச்சும். செலவும் குறைவு. கரைத்த சோப்பை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டும் போக மாட்டார்கள்!

தண்ணீரை மிச்சப்படுத்த இன்னொரு எளிய ஏற்பாடு உண்டு. 'டிப்பி டேப்' என்பார்கள். இது ஜிம்பாப்வேயில் பிறந்த யோசனை. இரண்டு கவைக்கம்புகளை நட்டு, குறுக்கே ஒரு கம்பில் ஐந்து லிட்டர் கேனைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கீழே இறக்கி, தரையில் கிடக்கும் குச்சியில் கட்டிவிடுவார்கள். குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டாம். ஒரு கேன் தண்ணீரில் பலர் கைகழுவலாம்.

குடிநீருக்கு, கென்யக் கடைகளில் கிடைக்கும் 'வாட்டர்கார்டு' போன்ற குளோரின் கரைசல். தெளிந்த தண்ணீர் என்றால் 20 லிட்டருக்கு ஒரு மூடி. கலங்கல் என்றால் இரண்டு மூடி. கலக்கி அரை மணி நேரம் விட்டுவிட்டுக் குடிக்கலாம். எல்லாக் கிருமிகளையும் இது கொல்லாது. ஆனால், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களை அழித்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள்

கென்ய அரசின் விதிப்படி, பள்ளியில் 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறையும், 30 மாணவர்களுக்கு ஒரு கழிப்பறையும் இருக்க வேண்டும். 150 மாணவிகள், 150 மாணவர்கள் படிக்கும் பள்ளி என்றால் மொத்தம் 11 கழிப்பறைகள். பல கிராமப் பள்ளிகளுக்கு இது எட்டாத எண்ணிக்கை.

கட்டப்படுபவை பெரும்பாலும் குழிக் கழிப்பறைகள். அவற்றில் மேம்பட்ட வகை ஒன்று இருக்கிறது. 1970-களில் ஜிம்பாப்வேயில் பீட்டர் மோர்கன் என்ற ஆய்வாளர் வடிவமைத்தது. குழியிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு குழாய் போகும். அதன் உச்சியில் வலை. மேலே வீசும் காற்று குழியின் நாற்றத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். கழிப்பறைக்குள் வெளிச்சம் குறைவு என்பதால், குழிக்குள் இருக்கும் ஈக்கள் குழாய் வழியே தெரியும் வெளிச்சத்தைத் தேடி மேலே போய் வலையில் மாட்டிக்கொண்டு சாகும். மின்சாரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மோர்கனுக்கு 2013-ல் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

மாதவிடாய் நாள்களில் இந்தக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்பதுதான் ஒரு மாணவி அன்று பள்ளிக்கு வருவாளா, மாட்டாளா என்பதை முடிவு செய்யும் விஷயங்களில் ஒன்று. உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். கழுவிக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். நாப்கினைப் போட மூடி வைத்த தொட்டி வேண்டும். இதில் கென்யா சில நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. 2004-லேயே நாப்கின் மீதான வாட் வரியை நீக்கியது. 2017-ல் பள்ளி மாணவிகளுக்கு அரசே இலவசமாக நாப்கின் தர வேண்டும் என்று சட்டமும் கொண்டு வந்தது. ஆனால், நாப்கின் கையில் இருந்தும் மாற்றிக்கொள்ள ஒரு மறைவான இடம் இல்லையென்றால் அந்தச் சட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

கோவையில் சோதித்த அடிபம்பு!

ஆப்பிரிக்கப் பள்ளிகளின் தண்ணீர்க் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் தெருமுனைகளில் பார்த்துப் பழகிய அடிபம்பை நினைவிருக்கிறதா? அதன் பெயர் 'இந்தியா மார்க் 2'. உகாண்டா, ஜாம்பியா, கானா, மாலி என்று பல ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களில் பிள்ளைகள் இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்பது இந்த வகைப் பம்பைத்தான்.

இது பிறந்த கதையும் கிட்டத்தட்ட நியான்சா கழிப்பறை கதைதான். வறட்சியைச் சமாளிக்க இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி வார்ப்பிரும்புப் பம்புகளைப் பொருத்தினார்கள். ஒரு வீட்டின் உபயோகத்துக்கான பம்பை ஊரே அடித்தால் தாங்குமா? 1974-ல் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை. அதன் பிறகுதான் சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, உறுதியான 'மார்க் 2' உருவானது. அதைத் தயாரித்ததில் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலைக்கு முக்கியப் பங்கு உண்டு. கோவைப் பகுதிக் கிராமங்களில் சோதித்துப் பார்த்து, ரிப்பேரை இன்னும் எளிதாக்கிய 'மார்க் 3' வந்தது.

கிராமத்து ஆள்களே ரிப்பேர் செய்துகொள்ள வேண்டும் என்ற அதே நோக்கத்தில், மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கப்பட்டதுதான் 'ஆஃப்ரிடேவ்' பம்பு. இன்று கென்யக் கிராமங்களில் அதிகம் பார்க்கக்கூடியது இதுதான். ஆனால், எவ்வளவு நல்ல பம்பு என்றாலும் வாஷர் தேயும், ராடு உடையும். ஆப்பிரிக்காவில் எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் சுமார் நான்கில் ஒரு அடிபம்பு வேலை செய்யாமல்தான் நிற்கிறது என்கின்றன ஆய்வுகள். பல நேரங்களில் பழுது சின்னதாகத்தான் இருக்கும். மாற்ற வேண்டிய உதிரிபாகம் பக்கத்து டவுனில் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கப் பணம் இருக்காது, பணம் இருந்தாலும் 'இது யார் வேலை' என்று யாருக்கும் தெரியாது.

உதவ நினைப்பவர்கள் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இன்று செல்போனிலேயே உலகின் எந்த மூலைப் பள்ளிக்கும் நன்கொடை அனுப்பிவிடலாம். அனுப்பும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. தண்ணீர் ஆண்டு முழுக்கக் கிடைக்குமா, மழைக்காலத்தில் மட்டுமா?

2. அடுத்த மாத சோப்புக்கும் குளோரினுக்கும் பணம் எங்கிருந்து வரும்? பள்ளியின் பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறதா?

3. கழிப்பறையைத் தினமும் கழுவுவது யார்? அந்த வேலை தண்டனையாகச் சில பிள்ளைகளின் தலையில் மட்டும் விழுகிறதா?

4. துடைக்கக் காகிதமோ கழுவத் தண்ணீரோ கழிப்பறைக்குள் இருக்கிறதா? மாணவிகளுக்குத் தாழ்ப்பாளும் மூடியுள்ள தொட்டியும் உண்டா?

5. குழி நிரம்பினால் என்ன ஏற்பாடு?

6. பம்பு பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர் அந்த ஊரிலேயே இருக்கிறாரா? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

இவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் திட்டத்தின் திறப்பு விழா போட்டோ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

திறப்பு விழாவுக்கு மறுநாள்...

நியான்சாவில் அதன் பிறகு நடந்த ஆய்வுகளில், பள்ளிகளுக்கு சோப்பைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. 'கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் தெரியாது' என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். கைகழுவ வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கையெட்டும் தூரத்தில் சோப்பு இல்லை, அவ்வளவுதான்.

கழிப்பறைச் சுவரில் 'இதைக் கட்டித் தந்தவர்' என்று பெயர் பொறிக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். சோப்புத்தண்ணீர் பாட்டிலில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. ஆனால், திங்கள்கிழமை காலையில் அந்த பாட்டிலை நிரப்பி வைப்பது யார் என்று ஒரு பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அங்கே கட்டிய கழிப்பறைக்கு அர்த்தம் இருக்கிறது.